ஒரு கொப்பு போதும்

ஜாசின் வட்டாரத்து வாசல்களில் குரோட்டன்: வளர்க்கும் முறையும் காப்பாற்ற வேண்டிய காரணமும்

ஜாசின் பட்டணத்தை விட்டு எந்தச் சாலையைப் பிடித்தாலும் கொஞ்ச நேரத்தில் செம்பனை வந்துவிடும். பெம்பான் பக்கம் போனாலும், மெர்லிமாவ், செர்க்காம் பக்கம் இறங்கினாலும், ஆசஹான், நியாலாஸ் பக்கம் ஏறினாலும் இரண்டு புறமும் ஒரே பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே மஞ்சளும் சிவப்பும் கருஞ்சிவப்புமாக ஒரு வரிசைச் செடி தெரிந்தால் வண்டியை மெதுவாக்கிப் பாருங்கள். பக்கத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த ஒரு லயம் இருக்கும். லயம் இல்லாவிட்டால் உடைந்த சிமெண்டுத் தரையாவது, தண்ணீர்க் குழாய் நின்ற மேடையாவது இருக்கும். குரோட்டன் தானாக முளைத்துச் செம்பனைக் காட்டுக்குள் வந்துவிடாது. யாராவது கொப்பு ஒடித்து நட்டால்தான் உண்டு. அது நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஒரு வாசல் இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

அந்த வாசல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கித்தா என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து ஆட்கள் குறைந்தார்கள். பிள்ளைகள் படித்து, வேலை தேடி, ஜாசினிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபோனார்கள். லயத்தை இடிக்கும்போது கோயிலுக்கு என்ன வழி, பள்ளிக்கூடத்துக்கு என்ன வழி என்று கேட்க ஆள் இருந்தது. வாசலில் நின்ற செடிக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. ஏன் என்பதைச் சொல்லும் முன், இந்தச் செடிக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்

குரோட்டன் ஆமணக்குக் குடும்பத்துச் செடி. மரவள்ளியும் அதே குடும்பம். கித்தா மரமும் அதே குடும்பம். மலாக்காவின் தோட்டத் தொழில் வரலாற்றை இந்த ஒரு குடும்பத்தை வைத்தே எழுதிவிடலாம்.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மலாக்கா உள்நாட்டில் காட்டை அழித்துப் பயிரிட்டது மரவள்ளிதான். சீன முதலாளிகள் நடத்திய தோட்டங்கள் அவை. 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று கண்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துப்போனார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர் வாங்கியதுதான் மிச்சம். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காக்காரரான டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து அவர் போன இடம் இன்றைய ஜாசின் மாவட்டத்தில் உள்ள புக்கிட் ஆசஹான். அங்கே மரவள்ளியும் ரப்பரும் சேர்ந்தே வளர்ந்தன. பிறகு கப்பலேறி வந்த நம் ஆட்கள் வெட்டிய பால் எல்லாம் இதன் தொடர்ச்சி.

மரவள்ளியும் ரப்பரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மூன்றாவது உறவான குரோட்டன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. மொலுக்கா, நியூகினி, வடகிழக்கு ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று கிழக்கே விரிந்து கிடக்கும் பகுதிதான் அதன் பிறப்பிடம். அதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் ரும்ஃபியஸ் என்ற ஜெர்மானியர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக 1654இல் அம்போன் தீவுக்கு வந்தவர். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு, 1641இல், அதே கம்பெனி போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்திருந்தது. ரும்ஃபியஸ் 1670இல் கண்பார்வையை இழந்தார். 1674 நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். 1687இல் நடந்த தீ விபத்தில் படங்கள் எரிந்தன. எழுதி அனுப்பிய கையெழுத்துப் படி கப்பலோடு மூழ்கியது. எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. 1702இல் அவர் இறந்து சுமார் 40 ஆண்டுகள் கழித்துத்தான் 'அம்போன் மூலிகை நூல்' அச்சேறியது. 1753இல் லின்னேயஸ் இந்தச் செடியை 'குரோட்டன்' பேரினத்தில் சேர்த்தார். பின்னால் வந்த அறிஞர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊர்வாயில் பழைய பெயரே நிலைத்தது. இங்கே மலாய்க்காரர்கள் இதைப் 'புடிங்' என்கிறார்கள். அவர்களுடைய கல்லறைகளில் கெம்போஜா மரத்தோடு புடிங் நடுவதும் நெடுநாள் வழக்கம்.

1860களில் லண்டன் செல்சியில் இருந்த வீச் நர்சரி பசிபிக் தீவுகளிலிருந்து விதவிதமான குரோட்டன்களைக் கொண்டுபோய் விற்றது. பணக்கார வீட்டுக் கண்ணாடிக் கூடங்களில் அவை இடம் பிடித்தன. குளிர்நாட்டில் கணப்பு மூட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்த அந்தச் செடி, இங்கே லயத்து வாசலில், மிலோ டின்னில், யார் தயவும் இல்லாமல் வளர்ந்தது.

லயத்து வாசலுக்கு ஏன் பிடித்தது?

தோட்டத்து வாழ்க்கையில் செடி வளர்க்க நேரம் ஏது? விடிவதற்கு முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறும் முன் மரம் வெட்டி முடிக்க வேண்டும். பால் எடுத்து, நிறுத்து, வீடு திரும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வாசல். ரோஜா அந்த நேரத்துக்கெல்லாம் காத்திருக்காது. மல்லிகைக்குக் கொஞ்சம் கைப்பக்குவம் வேண்டும். குரோட்டன் ஒன்றையும் கேட்காது.

ஆடு மாடு வளர்த்த லயங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. குரோட்டனின் பால் காரமானது. கால்நடை பொதுவாக அதில் வாய் வைக்காது. அரையடி, முக்காலடி இடைவெளியில் நட்டு இடுப்புயரத்தில் வெட்டி விட்டால், கம்பி இல்லாத வேலியாகிவிடும். துரை பங்களாவிலும் கிராணி வீட்டிலும் நின்ற அதே செடி, காசு செலவில்லாமல் தன் வாசலிலும் நிற்கிறது என்ற மிதப்பும் இருந்திருக்கும். இருந்தால்தான் என்ன?

"அக்கா, அந்தப் புள்ளி போட்டதுல ஒரு கொப்பு குடுங்க." இதுதான் அந்த நாளைய நர்சரி. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு, ஒரு தோட்டத்திலிருந்து கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு இன்னொரு தோட்டத்துக்கு என்று கொப்பாகவே செடிகள் பயணம் செய்தன.

எத்தனை இலை, எத்தனை முகம்

குரோட்டன் என்றால் ஒரே இலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். உள்ளங்கை அகலத்தில் தடித்து, நரம்பெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக ஓடும் 'பெட்ரா' ஒன்று. கரும்பச்சையில் மஞ்சள் மை தெளித்த மாதிரி இருக்கும் 'கோல்டு டஸ்ட்' ஒன்று. திருகித் திருகிக் கொத்தாக நிற்கும் 'மம்மி' ஒன்று. புல் மாதிரி மெலிந்து தொங்கும் 'ஸான்சிபார்' ஒன்று. மூன்று மடலாகப் பிரிந்த இலையும் உண்டு. எல்லாவற்றிலும் விந்தையானது நடுவில் அறுந்த இலை: பாதி வரை இலை இருக்கும், பிறகு நடு நரம்பு மட்டும் நூலாக நீளும், அந்த நூல் முனையில் இன்னொரு குட்டி இலை தொங்கும். பூச்சி தின்றதென்று நினைத்துக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். அது அந்த ரகத்தின் பிறவி.

மாங்கொழுந்து சிவப்பாகத் துளிர்த்து, முற்ற முற்றப் பச்சையாகும். பல குரோட்டன் ரகங்களில் இது தலைகீழ். கொழுந்து பச்சையும் மஞ்சளுமாக வரும். நாளாக ஆகத்தான் ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு ஏறும். அதனால் ஒரே கிளையில் உச்சியில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், அடியில் ஒரு நிறம். பச்சை தருவது பச்சையம். மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு. சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின். நிழலில் வைத்தால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க, செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். மற்ற நிறங்கள் அதற்கடியில் மறைந்துபோகும். "வாங்கும்போது கலர் கலரா இருந்துச்சு, வீட்டுக்கு வந்ததும் பச்சையாயிடுச்சு" என்ற புலம்பலுக்கு விடை இதுதான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, வெயில்தான் போதவில்லை.

நிலத்தில் நடுபவர்களுக்கு

நம் பக்கத்து மண்ணைப் பற்றி ஒரு சேதி. இரும்புச் சரளை கலந்த ஒரு செம்மண் வகைக்கு மலேசிய மண்ணியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'மலாக்கா தொடர்'. போர்த்துகீசியர்கள் 1511க்குப் பிறகு ஆ பமோசா கோட்டையை எழுப்பியதும் இதே வகைச் செம்புறைக்கல்லைக் கொண்டுதான். கோட்டைக்குச் சரி, வேருக்குக் கஷ்டம். மேலே கொஞ்சம் மண், கீழே சரளை. சத்தும் குறைவு, ஈரமும் நிற்காது.

எனவே குழி எடுக்கும்போது கஞ்சத்தனம் கூடாது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி இருக்கட்டும். சரளையைப் பொறுக்கி எறியுங்கள். மக்கிய சாணமோ, மக்கிய கோழி எருவோ மூன்றில் ஒரு பங்கு கலந்து மூடுங்கள். மக்காத கோழி எருவைப் போட்டால் வேர் வெந்துவிடும். நம் மண்ணின் இலேசான புளிப்பு குரோட்டனுக்கு ஏற்றதுதான். சுண்ணாம்பைக் கொட்டி அதைக் கெடுக்க வேண்டாம். தரையில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே போகும் செடி இது. வேலிக்கென்றால் ஒன்றரை முதல் இரண்டு அடிக்கு ஒன்று. தனியாக நிற்க வேண்டுமென்றால் நான்கு அடி விடுங்கள். பழைய லயத்து வேலி மாதிரி நெருக்கமாக வேண்டுமென்றால் அடிக்கடி வெட்டத் தயாராக இருங்கள்.

நடவுக்கு ஏற்றது அக்டோபர், நவம்பர் மழை. மலாக்காவுக்கு வறட்சி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். கித்தா மரம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கிற அந்த நாட்களிலும் வேர் பிடித்த குரோட்டன் நிறம் குன்றாமல் நிற்கும். புதிதாக நட்டதற்கு மட்டும் அந்த இரண்டு மாதம் தண்ணீர் தவறக்கூடாது. செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, புல் போட்டு மூடிவைத்தால் பாதித் தண்ணீர் மிச்சம்.

தாமான் வீட்டுத் தொட்டிகள்

இன்று நம்மில் பலருக்கு நிலம் என்பது காரை நிறுத்தியது போக மிஞ்சும் நாலடி. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை, நடைபாதை ஓரம்தான். பரவாயில்லை. குரோட்டன் தொட்டியில் அடங்கி வாழும்.

முதலில் தொட்டி. பத்து முதல் பன்னிரண்டு அங்குல வாயுள்ளது போதும். பெயிண்ட் வாளியும் ஆகும். அடியில் ஐந்தாறு ஓட்டை போட மறக்காதீர்கள். மண் கலவைக்கு இந்த நாட்டு நர்சரிகளின் கணக்கு மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று: மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் மணல் போதவில்லை.

அடுத்து வெயில். குரோட்டனுக்கு நாளுக்கு நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். காலை வெயில் உத்தமம். வாசல் கிழக்கே பார்த்திருந்தால் கொடுத்துவைத்தவர். மேற்குப் பார்த்திருந்தால் பிற்பகல் வெயிலில் தொட்டி சுடும். இரண்டு வேளை தண்ணீர் தேவைப்படலாம். வடக்கு, தெற்கு வாசல்காரர்கள்தான் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஜாசின் பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு பாகைக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. அதனால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாயும்; மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகச் சாயும். வடக்கு வாசல் போர்ச்சில் ஜூனில் பளபளத்த செடி டிசம்பரில் பச்சையாகிப் போவது இதனால்தான். ஆண்டுக்கு இரண்டு முறை தொட்டியை இடம் மாற்றுங்கள்.

மாற்றும்போது ஒரே நாளில் நிழலிலிருந்து கொளுத்தும் வெயிலுக்குத் தூக்கிப் போடாதீர்கள். இலை கருகும். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கூட, இப்படி இரண்டு வாரம் பழக்குங்கள். இடம் மாறினால் இலையைக் கொட்டுவது குரோட்டனின் குணம். நர்சரியிலிருந்து வாங்கி வந்ததும் கீழ் இலைகள் உதிர்ந்தால் பதறி உரம் போட வேண்டாம். தண்ணீரை மட்டும் சீராகக் கொடுங்கள், துளிர்த்துவிடும்.

தண்ணீருக்கு ஆள்காட்டி விரல்தான் அளவுகோல். இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் வேண்டாம்; காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வடியும் வரை ஊற்றுங்கள். உரம் என்.பி.கே. வகையில் மாதம் ஒரு தேக்கரண்டி, தண்டை ஒட்டாமல் தொட்டி விளிம்பைச் சுற்றிப் போட்டால் போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை பெருக்கும், நிறம் வராது.

தொட்டி வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிக்கலாம். கொசுப்புழு கண்டால் அபராதமும் உண்டு. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையென்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டே இல்லாமல் இரண்டு செங்கல் மேல் தொட்டியை ஏற்றி வைப்பது அதைவிட மேல்.

கொப்பு வைக்கும் விதம்

இனி முக்கியமான வேலை. நன்றாக நிறம் ஏறிய கிளையில், பென்சில் தடிமனில், சாண் நீளத்துக்கும் குறைவான நுனிக் கொப்பைத் தேர்ந்தெடுங்கள். இளந்தண்டு அழுகும், முற்றிய கட்டை வேர் விடச் சுணங்கும். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கும் தண்டுதான் பதம். கூரான கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பால் பொட்டுப் பொட்டாகக் கசியும். மரம் வெட்டிய கைகளுக்கு அது பழகிய காட்சி. கித்தா மாதிரி ஓடாது, அவ்வளவுதான். கொப்பைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் நிறுத்தினால் பால் நின்றுவிடும். அந்தப் பால் சட்டையில் பட்டால் கறை போகாது. சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடி இலைகளை எடுத்துவிட்டு, உச்சியில் நாலைந்தை மட்டும் விடுங்கள். பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். அல்லது எல்லாவற்றையும் மேல்நோக்கிச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். தண்ணீர் ஆவியாவது குறையும். மணலும் கருக்கிய உமியும் சரிபாதி கலந்த தொட்டியில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நனைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் வரும். வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். புதுத் துளிர் தெரிந்தால் வேர் வந்தாயிற்று.

பெரிய செடியாகவே வேண்டுமென்றால் விண்பதியம். மலாய்க்காரர்கள் 'தூட்' என்பார்கள். விரல் தடிமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். உள்ளே வழுவழுப்பாக இருப்பதைக் கத்தி முதுகால் சுரண்டிவிடுங்கள். சுரண்டாவிட்டால் பட்டை மறுபடியும் கூடிவிடும். நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரை அதைச் சுற்றி வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, இரு முனையிலும் கட்டுங்கள். ஆறேழு வாரத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் ஓடுவது தெரியும். கட்டுக்குக் கீழே அறுத்துத் தொட்டியில் வைத்தால் முதல் நாளே பெரிய செடி.

நெட்டையாக வளர்ந்து அடியில் மொட்டையான பழைய செடியை வெட்டத் தயங்காதீர்கள். முழங்கால் உயரத்தில் அறுத்தால் இரண்டு மூன்று கிளையாக வெடிக்கும். தீபாவளிக்கு வாசல் நிறமாக இருக்க வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு முன்பே வெட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் வெட்டினால் பண்டிகைக்குப் பச்சைக் கொழுந்துதான் மிஞ்சும்.

நோயும் மருந்தும்

மழை படாத போர்ச்சுக்குள் இருக்கும் செடிக்குத்தான் தொல்லை அதிகம். இலை மங்கி, அடியில் நுண்ணிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். கணுக்களில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புச் சிரங்கு மாதிரி ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் எங்கோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். எறும்பை விரட்டினால் மட்டும் போதாது.

மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்து இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு தேக்கரண்டி கலந்து, மாலையில், இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்தால் அடங்கும். அடி இலை மஞ்சளாகி வரிசையாக உதிர்ந்தால் பூச்சியைத் தேடாதீர்கள். தண்ணீர் தேங்குகிறது, தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கும்.

கெலாடியும் மற்றவையும்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடே செடி வளர்க்கத் தொடங்கியது. கெலாடி என்னும் வண்ண இலைக் கிழங்குச் செடிக்கு வந்த கிராக்கி பலருக்கு நினைவிருக்கும். ஒரு புது நிற இலைக்கு வாய்கூசாமல் விலை சொன்னார்கள். கெலாடி அழகுதான். அரை நிழல் போதும். கிழங்கு உறங்கும் காலத்தில் இலையெல்லாம் போய்விடும், செத்துவிட்டதென்று தூக்கி எறியக் கூடாது. நிழலான வாசலுக்குக் குரோட்டனைவிட அதுவே பொருத்தம். மலாய்க்காரர்கள் 'ஆத்தி-ஆத்தி' என்னும் கோலியஸ் கொப்பு வைத்தால் சில நாளிலேயே பிடித்துக்கொள்ளும். பூங்கதிரைக் கிள்ளிவிட்டால் இலை பெருக்கும். குரோட்டன் பின்னால், கோலியஸ் முன்னால், நிழல் மூலையில் கெலாடி என்று வைத்தால் பூவே இல்லாமல் வாசல் நிறையும்.

ஆனால் கிராக்கி வந்த வேகத்தில் போயும்விட்டது. அன்று விலை கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேர் வாசலில் இன்று அந்தக் கெலாடி இருக்கிறது? கேட்டுப் பாருங்கள். அதே தெருவில் பழைய குரோட்டன் எத்தனை இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.

விதையில் வராது

முதலில் சொன்ன கட்சிக்கு வருகிறேன். குரோட்டன் பூக்கும், ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனிக் கதிராக வரும். விதையும் பிடிக்கலாம். அந்த விதையை முளைக்க வைத்தால் தாய்ச்செடி மாதிரி பிள்ளை வராது. எந்த நிறம், எந்த வடிவம் என்று சொல்ல முடியாது. சில நேரம் ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு நிறத்தில் வெடிக்கும். அப்படி வந்த ரகங்களும் நிறைய. எப்படி வந்த ரகமானாலும் அதைக் காப்பாற்ற ஒரே வழி, கொப்போ பதியமோ எடுத்து அடுத்த தொட்டியில் ஊன்றுவதுதான்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசியுங்கள். லயத்து வேலியில் நிற்கும் அந்தக் குறுகிய இலைக்காரிக்கோ, மஞ்சள் புள்ளிக்காரிக்கோ கடையில் விதை கிடையாது. நர்சரிகளில் இன்று கிடைப்பது நாலைந்து பிரபல ரகங்கள்தான். எல்லாம் ஒரே மாதிரித் தொட்டியில், ஒரே உயரத்தில் வருகின்றன. புல்டோசர் வந்து வேலியைப் புரட்டிய மறுநாள், கொப்புக் கொப்பாக இத்தனை காலம் கைமாறி வந்த ஒரு செடி அங்கே முடிந்துபோகும். வேறு எங்காவது அதன் கொப்பு ஒன்று ஊன்றப்பட்டிருந்தால்தான் அதற்கு ஆயுசு.

எனவே ஜாசின் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை திருவிழாவுக்கோ துக்கத்துக்கோ பழைய தோட்டத்துக்குப் போகும்போது ஒரு கத்தியும் ஈரத்துணியும் பிளாஸ்டிக் பையும் எடுத்துப் போங்கள். ஆள் இருக்கும் வீடென்றால் வீட்டுக்காரரிடமும், இல்லாவிட்டால் தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் அம்மா, பாட்டி வாசலில் நின்ற ரகத்தில் மூன்று கொப்பு எடுங்கள். ஒன்றை உங்கள் வீட்டில் ஊன்றுங்கள். ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். மூன்றாவதை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள். அடுத்த கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணியில் வேலியோரம் நட்டுவிடுவார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று ஒரு சின்னப் பலகையில் எழுதிப் பக்கத்தில் குத்தி வையுங்கள்.

ஒரு கொப்பு வேர் விட ஆறு வாரம். லயம் ஒன்றை இடிக்க ஒரு நாள் போதும். எந்தத் தோட்டத்தில் எப்போது இடிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆகவே தள்ளிப் போடாமல் இந்த மழையிலேயே போய் எடுத்துவிடுங்கள்.